திருகாணி வைத்த ரிவால்வர் நமக்கு எதற்கு?

துப்பாக்கியைப் பற்றி எழுத வேண்டாம், கோயில் குளம் என்று எதையாவது எழுதுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது, ஆயுதப்படையில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் ஆர்மரராக, எண்ணெய்த் துணியும் கையுமாகப் போனது. எனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும்?

விஷயம் இதுதான். என் அக்காள் மகனுக்கு அவன் பெரியப்பாவின் பழைய வெளிநாட்டு .22 ரிவால்வர் வாரிசு முறையில் வந்திருக்கிறது. அதையே வைத்துக்கொள்வதா, டீலரிடம் கொடுத்துவிட்டு கான்பூர் ஆர்டனன்ஸ் ஃபேக்டரியின் .32 வாங்குவதா என்று என்னிடம் கேட்டான். கான்பூர் ரிவால்வரை வாங்கு என்றேன். உடனே, "மாமா, இதுல அட்ஜஸ்டபிள் சைட் இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல, வெறும் பள்ளம்தான்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நண்பர், ராணுவத்தில் இருந்து வந்தவர், "பையன் சொல்றதுதான் சரி, காலம் மாறிப்போச்சு" என்று ஒத்து ஊதினார். அன்று பிருந்தாவனம் டீக்கடையில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. அங்கே நான் சொல்லி முடிக்காததை இங்கே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. குழல் நுனியில் நிற்கும் சின்னத் தகடு ஃபோர்சைட். கண் பக்கம் இருக்கும் பள்ளம் பேக்சைட். பள்ளத்தின் நடுவில் தகடு நின்று, இரண்டின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் குறி சரி. நிலையான சைட்டில் இரண்டும் துப்பாக்கியின் உடம்போடு சேர்ந்தவை. நாங்கள் பிழைப்பு நடத்திய .38 வெப்லியில், குழலைப் பூட்டும் கொக்கியின் தலையிலேயே அந்தப் பள்ளம் இருக்கும். கான்பூர் .32-ம் அந்த வெப்லி வம்சம்தான். அட்ஜஸ்டபிள் என்றால் பேக்சைட் தனித் துண்டு. ஒரு திருகாணி அதை ஏற்றி இறக்கும், இன்னொன்று இடம் வலம் நகர்த்தும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒலிம்பிக் போட்டிக்கு அது வேண்டும், நான் மறுக்கவில்லை. 2012 லண்டனில் நம் ராணுவத்து விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கினாரே, அந்த மாதிரி பிஸ்டலில் திருகு சைட் இல்லாமல் முடியாது. ஆனால் அவர்களுக்கு ரேஞ்ச் உண்டு, கோச் உண்டு, தோட்டாவுக்குக் கணக்கில்லை. திருகிவிட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள், மறுபடி திருகுவார்கள். நம் லைசென்ஸ்தாரருக்கு வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று கணக்கு. அதையும் எங்கே போய்ச் சுடுவது?

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. "தோப்புல நாலு ரவுண்டு போட்டுப் பார்த்துத் திருகிக்கிறேன் மாமா" என்றான்.

கீரமங்கலம் பக்கம் அவனுக்குத் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா வந்து முக்கால்வாசி மரத்தைச் சாய்த்த தோப்பு அது. முன்பு மரத்துக்கு மேல் மரம் மறைத்த இடத்தில் இப்போது அடுத்த தெரு வீட்டு வாசல் கோலம்கூடத் தெரிகிறது. .22 தோட்டா சின்னதுதான், விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். நம் ஜில்லாக்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 2021 டிசம்பர் 30 மறந்துபோயிற்றா? நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தபோது தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 3-ஆம் தேதி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் குழந்தை போய்விட்டான். அது பயிற்சி பெற்ற படைக்காரர்களின் ரேஞ்ச், மலை அடிவாரம். அங்கேயே அப்படியென்றால், மண்மேடுகூட இல்லாத தோப்பில் இவன் திருகாணியைச் சரிபார்க்கப் போகிறானாம்!

சரிபார்க்க முடியாத இடத்தில் சரிசெய்யும் வசதி எதற்கு என்பதுதான் என் கேள்வி. டீக்கடையில் யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. "மாடர்ன்" என்றார்கள்.

இன்னொன்று தேர்தல். 2019, 2021, 2024 என்று ஒவ்வொரு முறையும் தேர்தல் அறிவித்ததும் பெரும்பாலான லைசென்ஸ்தாரர்கள் ஆயுதத்தை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். அட்டை கட்டி, சாக்கில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மாதக்கணக்கில் கிடக்கும். திரும்ப வரும்போது பேக்சைட் லேசாக இடிபட்டிருந்தால் எப்படித் தெரியும்? இரண்டு சைட்டுக்கும் நடுவே 6 அங்குலம் என்று வையுங்கள். பேக்சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 25 கஜத்தில் குண்டு 15 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடம்போடு சேர்ந்த பள்ளம் அப்படி நகராது.

என் நண்பர் விடவில்லை. அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். "நிலையான சைட் தப்பா அடிச்சா என்ன செய்வே? ராவத்தானே செய்வே? ராவினது திரும்ப வருமா?" என்றார்.

என் பழைய பாவம் ஒன்று அவருக்குத் தெரியும், அதனால் கேட்டார். எண்பதுகளில், நான் ஆர்மரர் வேலைக்கு வந்த புதிது. ஓர் அதிகாரி வருஷாந்திர ஃபயரிங்கில் ஆறு குண்டையும் இடது பக்கம் கீழே போட்டார். துப்பாக்கி தாழ அடிக்கிறது, ஃபோர்சைட்டை ராவு என்று உத்தரவு. தகட்டின் உயரத்தைக் குறைத்தால் குண்டு மேலே ஏறும், அது உண்மை. நான் மணல் மூட்டையில் கை வைத்து அதே வெப்லியில் ஆறு ரவுண்டு போட்டுப் பார்த்தேன். நடுவில்தான் போனது. வலது கைக்காரர் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்தால் குண்டு இடது பக்கம் கீழேதான் போகும். கோளாறு கையில் இருக்கிறது என்று ஒரு கான்ஸ்டபிள் எப்படிச் சொல்வது? ராவினேன். மறு வருஷம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் நன்றாகச் சுடுபவர். அவர் கையில் அந்தத் துப்பாக்கி எல்லாவற்றையும் மேலே அடித்தது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ராவிய தகட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அது போதும்.

திருகு சைட்டாக இருந்திருந்தால் திருப்பி வைத்திருக்கலாமே என்கிறார் நண்பர். ஒரே ஆளின் துப்பாக்கி என்றால் வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் பெல் ஆஃப் ஆர்ம்ஸில், அதுதான் எங்கள் ஆயுத அறை, ஒரு ரிவால்வர் வருஷத்தில் எத்தனை கை மாறும்! ஒவ்வொருவரும் தன் கைக் கோளாறைத் திருகாணியில் ஏற்றிவிட்டுப் போவார். நான் ராவியதாவது வெளியே தெரிந்தது. திருகியது யாருக்கும் தெரியாது. ராத்திரி டூட்டிக்கு அதை வாங்கிப் போகிறவன் யாரோ ஒருவருடைய தப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு போவான்.

அதற்குப் பிறகு நான் வேறு வழி கற்றுக்கொண்டேன். ஆறு அறையில் இரண்டில் மட்டும் சுட்ட காலிக் கூடு போட்டு, எது எங்கே என்று சொல்லாமல் சுழற்றிக் கொடுப்பது. சுத்தியல் காலிக் கூட்டில் விழும்போது வெடிக்காது, ஆனால் குழல் மூக்கு சட்டென்று கீழே குனியும். சுடுகிறவரே பார்த்துவிடுவார். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பலர் அதோடு சைட்டைக் குறை சொல்வதை விட்டுவிட்டார்கள்.

தோட்டா மாறினால் குண்டு விழும் இடம் மாறும், அதற்காவது திருகு வேண்டாமா என்பது கடைசி வாதம். மாறும்தான். வெள்ளைக்காரன் காலத்திலேயே .38 வெப்லிக்கு 200 கிரெயின் ஈயக் குண்டு போய் 178 கிரெயின் உறைக் குண்டு வந்தது. ரிவால்வரில் கனமான மெதுவான குண்டு பொதுவாக மேலே அடிக்கும், ஏனென்றால் அது குழலை விட்டு வெளியேறுவதற்குள் உதைப்பில் மூக்கு தூக்கிவிடும். ஆனால் தற்காப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கியவன் எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறான்? ஏழு கஜம் என்று வையுங்கள். முன்பு சொன்ன ஒரு மில்லிமீட்டர் அங்கே 4 சென்டிமீட்டர்தான். அந்த நேரத்தில் கை நடுங்குவதில் அதைவிடப் பெரிய பிழை இருக்கும். அமெரிக்காவில் 1899-லிருந்து பல லட்சம் விற்ற ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மிலிட்டரி அண்ட் போலீஸ் மாடலும் நிலையான சைட்தான். உறையிலிருந்து உருவும்போது அந்தப் பள்ளம் துணியில் மாட்டாது. எழும்பி நிற்கும் திருகு சைட்டின் மூலை மாட்டும், நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாத ஆள் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதே குற்றம்.

மருமகன் நேற்று போன் செய்தான். ரிவால்வரை டீலரிடம் மதிப்புப் போடக் கொடுத்திருக்கிறானாம், ஆனால் விற்பது என்று முடிவு செய்யவில்லையாம். "தோப்புக்கு எடுத்துக்கிட்டுப் போனியா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, அம்மா சாவியை எடுத்து வெச்சுக்கிட்டாங்க" என்றான். அக்காவுக்கு ஃபோர்சைட் எது பேக்சைட் எது என்று தெரியாது.