உம்மாவின் தலையணைக்குக் கீழே டொபி

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கட உம்மா சுபஹுக்குப் பிறகு சத்தமாக ஓதுவா. அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் எழும்புவார்கள். போன வருசம் அது மெல்ல மெல்லக் குறைந்தது. கேட்டால், "நாக்கு அண்ணத்தில ஒட்டுது மகன்" என்றா. "தண்ணி குடிங்க உம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போய்விடுவேன். வயது போனால் அப்படித்தான் என்று நினைத்தேன். தேத்தண்ணியில் நனைக்காமல் ரொட்டியை விழுங்க முடியாமல் போனதையும் கண்டேன், பெரிதாக எடுக்கவில்லை.

வாய் காய்வதற்கு உம்மா கண்டுபிடித்த மருந்து டொபி. இரவில் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு படுப்பா. சில மாதங்களில் முரசு ஓரமாகப் பற்கள் கறுத்து, இரண்டைக் கழற்ற வேண்டி வந்தது.

பல் டொக்டர் வாயைப் பார்க்க முதல் கேட்டது, "என்னென்ன குளிசை போடுறாங்க?" கால் எரிவுக்கு இரவில் போடும் அமிட்ரிப்டிலின், தும்மலுக்கு நாங்களே பாமசியில் வாங்கிய பிரிட்டன். இரண்டுமே உமிழ்நீரைக் குறைக்கும் என்றார். சலம் போகக் கொடுக்கும் குளிசையாலும், சீனி வருத்தம் கூடினாலும் இப்படி வரலாமாம்.

உமிழ்நீர் என்றால் துப்புகிற சாமான் என்றுதான் நினைக்கிறோம். ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் சுரக்கிறது. சாப்பிட்ட பிறகு வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணிப்பது அதுதான். பல்லில் இருந்து கரைந்த கல்சியத்தைத் திரும்பச் சேர்ப்பதும் அதுதான். நித்திரையில் எல்லோருக்கும் சுரப்பு குறையும். ஏற்கனவே காய்ந்த வாயில், அந்த நேரம் பார்த்து டொபியை வைத்தால் பல் என்ன செய்யும்? வாய் காய்ந்தவர்களுக்கு நாக்கில் பூஞ்சணம் பிடிக்கும், உறைப்பு எரியும், கட்டுப்பல்லும் நிற்காது.

குளிசையை நாமாக நிறுத்தவில்லை. டொக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டிய பிறகு கிளினிக்கில் அளவைக் குறைத்தார்கள். பிரிட்டன் வாங்குவதை மட்டும் விட்டோம். இப்போது அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சீனி இல்லாத சுவிங்கம், படுக்க முதல் புளோரைட் உள்ள பற்பசை.

வெற்றிலை போட்டால் வாய் ஊறுமே என்பவர்களுக்கு: ஊறும்தான். ஆனால் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் 2004 அறிக்கை சொல்கிறது. நம் நாட்டு ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பதும் வாய்ப் புற்றுநோய்தான்.

நோன்பில் வாய் காய்வது வேறு. அது மஃரிபோடு போய்விடும். நோன்பில்லாத நாளிலும் காய்ந்தால், கிளினிக்கில் வாய் திறந்து சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் பிரஷரைச் சொல்வார்கள், சீனியைச் சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். வெட்கம், இல்லாவிட்டால் சின்ன விசயம் என்ற எண்ணம். பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவாவது ஆள் வருகிறது, உம்மாமாரின் வாயைப் பார்க்க நாம்தான் இருக்கிறோம்.

நேற்று பக்கத்து வீட்டுச் சாச்சியிடம் கேட்டுப் பார்த்தேன். "ஓம் மகன், ரெண்டு வருசமா" என்றா. புதன்கிழமை அவவுக்குக் கிளினிக். ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்து அனுப்புகிறேன்.