பேருந்தின் வேகம் நிலையத்தில் பிறக்கிறது



"நகரப் பேருந்து ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?" என்று ஒரு நாள் என் வகுப்பில் கேட்டேன். "எஞ்சின் பழையது", "சாலை மோசம்", "நெரிசல் அதிகம்" என்று பல விடைகள் வந்தன. எல்லாம் ஓரளவு சரிதான். ஆனால் "அடிக்கடி நிற்கிறது, அதனால்தான்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நிற்பதற்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

10 கி.மீ. நீளமுள்ள ஒரு தடம். அதில் 20 நிறுத்தங்கள். பேருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். ஓட்டத்துக்கு 15 நிமிடம் ஆகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம் நின்றால், நிற்பதற்கே 20 நிமிடம். ஆக மொத்தம் 35 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 17 கி.மீ. தான்!

இப்போது புதிய எஞ்சின் வைத்து, மேம்பாலமும் கட்டி, ஓடும் வேகத்தை 60 கி.மீ. ஆக்குகிறோம். ஓட்டத்துக்கு 10 நிமிடம், நிற்பதற்கு 20 நிமிடம். மிச்சமானது வெறும் 5 நிமிடம். அதற்குப் பதிலாக, பழைய வேகத்திலேயே ஓடவிட்டு, நிற்கும் நேரத்தை மட்டும் 20 விநாடியாகக் குறைத்தால் என்ன ஆகும்? மொத்தப் பயணம் 21 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். 13 நிமிடத்துக்கு மேல் மிச்சம்! வேகம் எடுப்பதற்கும் பிரேக் போடுவதற்கும் ஆகும் நேரத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் மேம்பாலத்தின் பலன் இன்னும் குறையும்.

இந்த உண்மையை நன்கு உணர்ந்து செயல்பட்ட நகரம் பிரேசில் நாட்டின் குரிச்சிபா. ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் வாழும் நகரம் அது. கட்டடக் கலைஞரான ஜைமே லெர்னர் மேயராக இருந்தபோது, 1974இல், அங்கே பேருந்துகளுக்கென்றே தனித் தடங்கள் திறக்கப்பட்டன. ஆனால் தனித் தடம் மட்டும் போதவில்லை. 1991இல் குழாய் வடிவ நிலையங்கள் வந்தன. எஃகும் கண்ணாடியும் கொண்டு செய்த பெரிய உருளையைப் படுக்க வைத்தது போன்ற தோற்றம். பயணி நிலையத்தின் வாயிலிலேயே கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே காத்திருப்பார். நிலையத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரம். பேருந்து வந்து நின்றதும் அதன் கதவுகளிலிருந்து சிறு பலகைகள் கீழிறங்கி இடைவெளியை மூடும். எல்லாக் கதவுகளிலும் ஒரே சமயத்தில் ஏறலாம், இறங்கலாம். தரையிலிருந்து நிலையத் தளத்துக்குச் சக்கர நாற்காலியை உயர்த்த மின்தூக்கியும் உண்டு.

படியை நீக்கியதில் என்ன பெரிய விஞ்ஞானம் என்று கேட்பீர்கள். பேருந்தின் தளம் தரையிலிருந்து 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் ஏறச் செய்யும் வேலை ஏறத்தாழ 450 ஜூல். இது மிகச் சொற்பம். ஒரே ஒரு நிலக்கடலைப் பருப்பில் இதைவிடப் பல மடங்கு ஆற்றல் உண்டு. ஆனால் முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அந்த 0.9 மீட்டர் ஒரு மலை. கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கி அவர் ஏறி முடிக்கும்வரை பேருந்திலுள்ள 50 பேரும் காத்திருக்கிறார்கள். கடைசிப் பயணி ஏறிய பின்பே பேருந்து புறப்பட முடியும் அல்லவா?

அப்போது சிலர் அந்தப் பாட்டியைக் கடிந்துகொள்கிறார்கள். "சீக்கிரம் ஏறுங்கம்மா!" என்று அதட்டுகிறார்கள். குற்றம் அவருடையதா? படியை அந்த உயரத்தில் வைத்தவர்களுடையது அல்லவா? நிலையத்தைத் திட்டமிடுவோர், இளைஞன் ஒருவன் எத்தனை விநாடியில் ஏறுகிறான் என்று பார்க்கக் கூடாது. மிக மெதுவாக ஏறுபவருக்கு எத்தனை விநாடி ஆகிறது என்றே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதை இரக்கம் என்று எண்ண வேண்டாம். அவருடைய தாமதம் எல்லோருடைய தாமதமும் ஆகிறது. இது வெறும் கணக்கு.

தாமதம் தானே பெருகும் தன்மையும் உடையது. ஒரு பேருந்து சற்றே தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடும். அவர்கள் ஏற அதிக நேரம் ஆகும். தாமதம் மேலும் வளரும். பின்னால் வரும் பேருந்துக்கோ ஆள் குறைவு. அது விரைந்து வந்து முன்னதைத் தொட்டுவிடும். நெடுநேரம் காத்திருந்த பின் இரண்டு பேருந்துகள் சேர்ந்தாற்போல் வருவதன் இரகசியம் இதுதான்.

குரிச்சிபாவின் வழியை வேறு நகரங்களும் பின்பற்றின. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 2000 டிசம்பரில் இம்முறை தொடங்கியது. அங்கே நிலையங்களின் அருகே ஒரு பேருந்து நிற்கும்போது மற்றொன்று கடந்து செல்லக் கூடுதல் தடம் அமைத்தார்கள். நம் நாட்டில் அகமதாபாத் 2009இல் சாலை நடுவே மூடிய நிலையங்களைக் கட்டி, தள மட்டத்தில் ஏறும் வசதி செய்தது. தில்லியில் 2008இல் 5.8 கி.மீ. நீளத்தில் திறந்த தடமோ 2016இல் அகற்றப்பட்டது. அங்கே பேருந்துக்குத் தனித் தடம் கிடைத்தது. ஆனால் வாயிலிலேயே கட்டணம் வாங்கும் மூடிய நிலையம் கிடைக்கவில்லை. கார் ஓட்டுவோரின் எதிர்ப்பும் பலமாக இருந்தது.

"சாலையின் ஒரு பகுதியைப் பேருந்துக்கே கொடுத்துவிட்டால் கார்கள் எங்கே போகும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சாலையில் செல்லும் வண்டிகளை எண்ணுவதா, மனிதர்களை எண்ணுவதா? பொகோட்டாவின் முக்கியத் தடத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரே திசையில் 40,000க்கும் மேற்பட்டோர் சென்றிருக்கிறார்கள். கார்களால் இதைச் செய்ய முடியாது.

இம்முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொகோட்டா நிலையங்களில் நெரிசல் கடுமை. சாலை நடுவே நிலையம் இருந்தால், அதை அடைய வேகமாக வரும் வண்டிகளைக் கடக்க வேண்டும். பாதுகாப்பாகக் கடக்க வழி செய்யாமல் உள்ளே தளத்தை மட்டும் சமமாக்கினால், பாட்டியின் மலையைப் பேருந்து வாயிலிலிருந்து எடுத்துச் சாலையோரத்தில் வைத்ததாகவே ஆகும்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். நாளை உங்கள் நிறுத்தத்தில் கைக்கடிகாரத்துடன் நில்லுங்கள். பத்துப் பேருந்துகள் வரட்டும். ஒவ்வொன்றும் நிற்கும் விநாடிகளைக் குறியுங்கள். எத்தனை பேர் ஏறினார்கள், யார் ஏறச் சிரமப்பட்டார்கள் என்றும் எழுதுங்கள். உங்கள் ஊரின் முதல் தேவை மேம்பாலமா, மேடையா என்பதை அந்தத் தாளே உங்களுக்குச் சொல்லும்.