புதையல் தேடுவோரும் பழமரத்தின் வேரும்

செய்மதி வழியாக இடமறியும் கருவிகளில் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. ஓரிரு நாட்களுள் ஒரேகன் மாநிலத்துப் பீவர்கிரீக் அருகே ஒருவர் வாளியொன்றிற் சில பொருள்களை மறைத்துவைத்து, அவ்விடத்தை எண்களால் அறிவித்தார். இன்று உலகெங்கும் பரவியுள்ள ‘ஜியோகாஷிங்’ எனும் புதையல் விளையாட்டு அவ்வாறே பிறந்தது. கண்டெடுப்பவர் ஏட்டிற் பெயர் பொறிப்பார். ஒன்றை எடுத்தால் அதற்கீடான வேறொன்றை வைப்பார். சிறுவரை வெளியே அழைத்துவரும் நல்ல பொழுதுபோக்கு இதுவென்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், நகரப் பூங்காவிலுள்ள முதுமரத்தின் அடி இதற்குத் தக்க இடமாகுமா? வாஷிங்டன் மாநிலத்து வன்கூவர் நகரில் ஹட்சன் பே கம்பனியார் காலத்து அப்பிள் மரமொன்று நின்றது. 1826ஆம் ஆண்டில் நடப்பட்டதெனப்படும் அம்மரம் 2020இற் பட்டுப்போயிற்று. எஞ்சியவை அதன் வேரிலிருந்து கிளம்பிய கன்றுகளே. அத்தகைய மண்ணிற் கால்கள் ஓயாது மிதித்தால் நிலம் இறுகும். நீரும் காற்றும் வேரை எட்டா.

குழி தோண்டலாகாது, நிலத்துக்குரியோரின் அனுமதி வேண்டும் என்று விளையாட்டின் விதிகளே கூறுகின்றனவே என்பர். உண்மைதான். ஆனால் விதிகளையெல்லாம் ஒழுங்காகக் காத்தவர் நூறுபேர் வந்தாலும் மண் இறுகவே செய்யும். அவர்களுள் எவரைக் குற்றவாளியெனக் கூண்டில் ஏற்றுவது? எவருடைய காலடியும் தனித்து மரத்தைக் கொல்லவில்லையே! ஆதலின் பொறுப்பு, வந்தவரைவிட அவர்களை அங்கு வரவழைத்தவரையே சாரும். பெட்டி வைப்பவர் தம் ஒருவருக்காக அனுமதி கேட்கவில்லை. தாம் அறியாத நூறுபேருக்காகவும் கேட்கிறார். அனுமதி வழங்கும் நகரசபையும் இதனையுணர்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

விளையாட்டைத் தடைசெய்க என்று நாம் கோரவில்லை. பெட்டியே இல்லாமல், குறித்த இடத்துக்குச் சென்று வினாவுக்கு விடை கண்டு அனுப்பும் முறையும் இதில் உண்டு. முதுமரம் உள்ள இடங்களில் அம்முறையையே கட்டாயமாக்குக. வேலிக்கு வெளியே பாதையில் நின்று, மரத்தின் வரலாற்றை அறிவிப்புப் பலகையிற் படித்துச் சிறுவர் விடை காணட்டும். மரத்தைக் காணவந்தோரே மரத்துக்குக் கேடாவது வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். இருநூறாண்டு மரத்தின் வழித்தோன்றலை ஒருநாள் விளையாட்டுக்குப் பலியிட எவருக்கும் உரிமையில்லை.