குறுகிய நாளில் ஒரு திருயாத்திரை



கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நிறைவுற்று, குடில்கள் கலைக்கப்பட்டு, புத்தாண்டின் முதல் வாரங்களில் நாம் அடியெடுத்து வைக்கும் இக்காலத்தில், நமது கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே விதமான பேச்சு எழுவதுண்டு. மார்ச் மாதத் திருவிழாவுக்கும் தலவிலவுக்குப் போக முடியவில்லை. ஓகஸ்ட் மாதத் திருவிழாவுக்கும் போக முடியவில்லை. ஒருவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை, மற்றொருவருக்குப் பரீட்சை, பாட்டிக்கு முழங்கால் வலி. இப்போது கையில் இருப்பது ஒரேயொரு நாள். சொந்த வாகனமும் இல்லை. இந்த ஒரு நாளில் போய் வந்தால் அது யாத்திரையாகுமா, வெறும் பிரயாணம்தானா என்பதே அந்தப் பேச்சின் முடிவில் எஞ்சும் கேள்வி.

ஆகும் என்பதே நமது பதில். ஆயினும் அந்த ஒரு நாளை ஆயத்தமின்றிச் செலவிடுவோருக்கு, அது களைப்பையும் மனக்கசப்பையும் மாத்திரமே தந்துவிடக் கூடும். ஆகவே, இவ்வாரம் அந்த ஆயத்தத்தைப் பற்றிச் சிந்திப்போம்.

புத்தளம் மாவட்டத்தில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் சூழ நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில் அமைந்துள்ளது தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். இதன் தோற்றம் பற்றி இரண்டு மரபுவழிக் கதைகள் வழங்கி வருகின்றன. வழிப்பயணத்தில் ஆலமரத்தடியில் உறங்கிய போர்த்துக்கேயர் ஒருவர் புனித அன்னம்மாளைக் கனவில் கண்டார் என்பது ஒன்று. கப்பல் சேதத்தில் உயிர்தப்பிய ஐரோப்பிய வணிகர் ஒருவர், தம்மிடமிருந்த புனிதையின் திருச்சொரூபத்தை ஆலமரத்தடியில் வைத்து, தமது தொழில் செழித்தால் இங்கே ஆலயம் எழுப்புவேன் என நேர்ந்துகொண்டு, பின்னர் திரும்பி வந்து அதனை நிறைவேற்றினார் என்பது மற்றையது. முதிரை மரத் தூண்களைக் கொண்ட இன்றைய ஆலயம் 1843ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. திருவிழாக் காலங்களில் கூடாரங்களால் நிறைந்து கிடக்கும் அதன் வளவு, மார்கழி, தை மாதங்களில் அமைதியாக இருக்கும். நெரிசலில் நின்று செபிக்க இயலாத முதியோருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாருக்கும் இந்த அமைதியே ஒரு கொடை.

தை மாதத்துக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. ஜனவரி 16ஆம் நாள், இலங்கையின் அப்போஸ்தலரான புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாள். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் இந்நாட்டுக்குள் வரக்கூடாதெனத் தடை இருந்த காலத்தில், 1687இல் அவர் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் இங்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணப் பகுதியில் மறைவாகப் பணியாற்றியபின் 1690ஆம் ஆண்டளவில், கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு வந்தார். இப்பகுதியில் பணிபுரிந்த பின்னரே 1692இல் கண்டிக்குச் சென்று, ஒற்றன் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1711 ஜனவரி 16இல் கண்டியில் உயிர் நீத்த அவரை, 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார். வெறுங்காலோடு அவர் நடந்து திரிந்த மாவட்டத்தில், அவரது திருநாளை ஒட்டி நாமும் சிறிது தூரம் நடப்பது எத்துணை பொருத்தமானது!

இனி நடைமுறைக்கு வருவோம். கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானோ என ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீடத்துவத்தைப் பற்றிய அந்தப் போதனை ஒரு நாள் யாத்திரைக்கும் பொருந்தும். கணக்கிடுவது விசுவாசக் குறைவு அன்று. மாலையில் பஸ் கிடைக்காமல் வீதியோரத்தில் குழந்தைகளோடு நிற்க நேரிட்டபின், "அன்னம்மாள் கைவிட்டுவிட்டார்" எனப் புலம்புவதே விசுவாசக் குறைவு.

முதலில் கணக்கிட வேண்டியது திரும்பும் நேரத்தையே. கொழும்பிலிருந்து புத்தளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். புத்தளத்தை அடையுமுன் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதி பிரிகிறது. அங்கிருந்து தலவில 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. கொழும்பிலிருந்து புறப்படும் குடும்பம் பஸ்ஸில் பாலாவியை அடைய நான்கு மணித்தியாலமளவும், அங்கே காத்திருந்து வேறு பஸ் ஏறித் தலவிலவை அடைய மேலும் ஒன்றரை மணித்தியாலமும் ஒதுக்கிக் கொள்வது நல்லது. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் முற்பகல் ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் இறங்கலாம். தை மாதத்தில் மாலை ஆறு மணி கடந்ததும் இருள் சூழ்ந்துவிடும். ஆதலால் பிற்பகல் மூன்று மணிக்குள் திரும்பும் பஸ்ஸுக்கு நிற்பது அவசியம். அப்படியானால் நமக்குக் கிடைப்பது ஐந்து மணித்தியாலம். சிலாபம், மாதம்பை, நீர்கொழும்புப் பகுதிக் குடும்பங்களுக்கு இன்னும் சற்று அதிகம். ஞாயிறு, போயா, பொங்கல் நாட்களில் பஸ் சேவை குறையலாம் என்பதையும் நினைவிற் கொள்க. இறங்கியவுடன் அங்குள்ள கடைக்காரரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு எனக் கேட்டு வைத்துக்கொள்வது சிறந்த வழக்கம்.

1926இல் புத்தளத்தை எட்டிய புகையிரதப் பாதை பாலாவி வழியாகவே செல்கிறது. எனினும் சேவைகள் சிலவே. மேலும் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் வெள்ளத்தால் பெரிதும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. எனவே புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்பதைப் புறப்படுவதற்கு முந்தின நாளே நிலையத்தில் விசாரித்தறிய வேண்டும்.

இரண்டாவதாக, நடையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சுகதேகியான ஒருவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பார். சிறுவரும் முதியோரும் சேர்ந்த குடும்பம் மூன்று கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. நுரைச்சோலையில் இறங்கி நடப்போருக்குப் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாத வழி காத்திருக்கிறது. அது இளைஞர்களுக்கு உகந்தது. குடும்பத்தினருக்கு அந்த ஐந்து மணித்தியாலத்தையும் அதுவே விழுங்கிவிடும். பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கித் திருத்தலத்துக்குப் பிரிந்து செல்லும் கிளைவீதியை மாத்திரம் நடந்து கடப்பதே குடும்பங்களுக்கு ஏற்றது. ஒரு செபமாலையை நிதானமாகச் சொல்லி முடிக்க அந்த வழி போதும். பாட்டியை முச்சக்கரவண்டியில் முன்னே அனுப்பி, ஒரு பேரப்பிள்ளையைத் துணைக்கு வைப்பதில் குறையொன்றுமில்லை. அவர் ஆலய முற்றத்தில் அமர்ந்து சொல்லும் செபமாலையும் உங்கள் நடையின் பங்கே.

மூன்றாவதாக, திருத்தல நிர்வாகத்தினரிடம் தொலைபேசியில் கேட்டறிய வேண்டியவை இரண்டு. அன்றைய திருப்பலி எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்பது ஒன்று. தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்ய வாய்ப்புண்டா என்பது மற்றையது. ஞாயிற்றுக்கிழமையில் செல்வோர், வழியிலாவது வீட்டுப் பங்கிலாவது திருப்பலியைத் தவறவிடாதபடி முன்கூட்டியே ஒழுங்கு செய்து கொள்ள வேண்டும். யாத்திரையின் பெயரால் ஞாயிறு கடனைக் கைவிடுவது அழகல்ல.

இங்கே பலருடைய உள்ளத்தை உறுத்தும் ஒரு கேள்வியையும் எடுத்துக் கொள்வோம். "பிள்ளை சுகமானால் பாலாவியிலிருந்து நடந்தே வருவேன் என நேர்ந்துகொண்டேன். இன்று நேரமுமில்லை, உடலில் பலமுமில்லை. தெய்வ குற்றமாகுமோ?" இந்த அச்சத்தோடு ஆண்டுக் கணக்கில் திருத்தலத்துப் பக்கமே போகாதிருக்கும் அன்னையரும் உண்டு.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாக உள்ளது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1191 முதலான பிரிவுகளில் நேர்ச்சையைப் பற்றிப் பேசுகிறது. நேர்ச்சை என்பது சுதந்திரமாகவும் சிந்தித்தும் கடவுளுக்கு அளிக்கும் வாக்கு. அது நம்மால் இயலக்கூடியதாகவும், மேலான நன்மையைப் பற்றியதாகவும் இருக்க வேண்டும். அத்தகைய வாக்கு நிறைவேற்றப்பட வேண்டியதே. விளையாட்டாகக் கொள்ளத் தக்கதன்று. ஆயினும் அது நேர்ந்துகொண்டவரை மாத்திரமே கட்டுப்படுத்தும். தாயின் நேர்ச்சை பிள்ளையின் தலையில் கடனாக விழுவதில்லை. நேர்ச்சையின் பொருள் அடிப்படையில் மாறிவிட்டால் கடப்பாடு ஒழியும். நேர்ந்தவரே தமது தனிப்பட்ட நேர்ச்சையை அதற்குச் சமமான அல்லது அதனிலும் மேலான நற்செயலாக மாற்றிக் கொள்ளலாம். அதனிலும் குறைந்ததாக மாற்றவோ, முற்றாக விலக்குப் பெறவோ தகுந்த காரணத்தோடு பங்குத்தந்தையை அணுகலாம்; அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. ஆகவே அஞ்சி ஒதுங்கியிருக்கும் அன்னையரே, அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். இயலாத இருபத்தைந்து கிலோமீட்டருக்குப் பதிலாக இயன்ற சிறு நடையும், இயன்ற ஒரு தருமமும் உங்களுக்கு வழிகாட்டப்படலாம். புதிதாக நேர்ந்துகொள்வோரோ, அவசரத்தில் வாய் சொல்வதை உடல் சுமக்குமா என ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

நமது நடை யாருடைய ஊர்களுக்கூடாகச் செல்கிறது என்பதையும் மறக்கலாகாது. கற்பிட்டிக் குடாநாட்டு வீதியில் ஆலயங்களைப் போலவே பள்ளிவாசல்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளத்தில்தான் தஞ்சம் புகுந்தனர். குறுகிய அவகாசத்தில், கையில் எடுத்ததை மட்டும் சுமந்து அவர்களுள் பலர் நடந்தார்கள். நாம் விரும்பி இரண்டு மணித்தியாலம் நடக்கிறோம். அவர்கள் விரும்பாமல் நடந்தார்கள். இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு அவ்வழியில் வைத்தே சொல்லிக் கொடுப்பது, எந்தப் பிரசங்கத்தையும் விட மேலானது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும் பிற இடங்களிலும் நடந்த கொடுமைக்குப் பின், இக்கரையோரத்தில் அயலவர்க்கிடையே விழுந்த விரிசலையும் நாம் அறிவோம். வழியில் தண்ணீர் கேட்டு வாங்கி அருந்துவதும், தொழுகை நேரத்தில் பாடல்களைத் தாழ்த்திக் கொள்வதும், குப்பையைப் பிறர் வாசலில் எறியாதிருப்பதும் சிறு செயல்கள். ஆனால் விரிசல்கள் மூடுவது இத்தகைய சிறு செயல்களாலேயே.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மரியாளும் யோசேப்பும் ஆண்டுதோறும் யெருசலேமுக்கு யாத்திரை சென்ற அனுபவசாலிகள். அவர்களே ஒருமுறை, பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தில் எங்கோ வருகிறான் என எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். மூன்று நாட்களின் பின்னரே அவரைக் கண்டார்கள். திருக்குடும்பத்துக்கே நேர்ந்தது நமக்கு நேராதோ? ஒவ்வொரு முறை பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ணுங்கள். சிறுவரின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண் இருக்கட்டும். கடல் அருகிலேயே இருப்பதால், ஆலய வளவைவிட்டு அவர்கள் தனியே செல்லாதபடி பார்த்துக் கொள்ளுங்கள்.

கொண்டு செல்ல வேண்டியவை அதிகமில்லை. குடிநீர், கட்டுச்சோறு, ஒரு குடை, முதியோரின் மருந்து, தேய்ந்த ஆனால் பழகிய செருப்பு, செபமாலை. புதுச் செருப்பை அன்றுதான் அணிவேன் என்பவர் பாதி வழியில் அதைக் கையில் சுமப்பார்.

இறுதியாக, இஸ்ராயேலர் ஆண்டவர் திருமுன் வெறுங்கையராய் வரலாகாது என இணைச்சட்டம் கட்டளையிட்டது. நாமும் வெறுங்கையராய்ச் செல்ல வேண்டாம். வான் வாடகைக்கு அமர்த்தாது பஸ்ஸில் சென்றதால் மிச்சமாகும் பணத்தை, வெள்ளத்தில் வீடிழந்த ஒரு குடும்பத்துக்கென ஒதுக்குங்கள். அந்தக் குடும்பம் எந்த மதத்தவரென வினவ வேண்டியதில்லை. அன்னம்மாள் நம் ஆண்டவரின் பாட்டி. நீண்ட வழி நடந்து வந்த பேரனையும், கால் கிலோமீட்டர் தத்தி வந்த பேத்தியையும் ஒரே அன்போடு அணைக்கத் தெரிந்தவர்.

ஆகவே, காலண்டரை எடுத்து ஒரு நாளைக் குறியுங்கள். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் எல்லோரும் அமர்ந்து, யார் நடப்பது, யார் வண்டியில் வருவது, யாருக்காகச் செபிப்பது எனத் தீர்மானியுங்கள். உங்கள் யாத்திரை அந்தப் பாயில் அமர்ந்த நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. புனித அன்னம்மாளும் புனித யோசேவாஸும் உங்கள் வழித்துணையாய் இருப்பார்களாக!