நோன்பிருக்க வேண்டியது யார்?

'டோபமைன் நோன்பு' பற்றி நண்பர் எழுதியிருக்கும் கட்டுரையில் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மூளையில் டோபமைன் பெருகி வழிவதால்தான் இளைஞர்கள் சோம்பிக் கிடக்கிறார்களாம், ஆகவே ஏழு நாள் கைபேசியையும் இனிப்பையும் துறக்க வேண்டுமாம். பக்கத்தைப் புரட்டினால், டோபமைன் வற்றிவிட்டது, ஐஸ் தண்ணீரில் குளித்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். வழிகிறதா, வற்றுகிறதா? முதலில் அதைத் தீர்மானித்துக்கொண்டு அல்லவா பேனாவைத் தொட வேண்டும்?

டோபமைன் என்றாலே இன்பம் என்று அவர் நம்புகிறார். டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள், முன்னால் தீனி இருந்தும் நாடிப் போவதில்லை. நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் மட்டும் வழக்கம்போல் சப்புக்கொட்டுகின்றன. கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் 1998-இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். ருசி போகவில்லை, எழுந்து போகத் தூண்டும் விசைதான் போயிற்று. காலையில் படுக்கையை விட்டு எழ முடியாதவனை 'இன்பத்தில் ஊறியவன்' என்று ஏசுவது எந்த ஊர் நரம்பியல்?

விசை ஏன் போகிறது என்றால், மனவுறுதி இல்லையாம். 'அழுத்தம் யாருக்குத்தான் இல்லை' என்று ஒரே வரியில் கைகழுவுகிறார். 2012-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வை அவர் புரட்டியாவது பார்த்திருக்கலாம். சிஆர்எஃப் என்ற அழுத்தப் பெப்டைடு, சாதாரண எலியின் மூளையில் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் டோபமைனைக் கூட்டுகிறது. கடும் அழுத்தத்துக்கு ஆளான எலியில் அந்த வேலையே நடப்பதில்லை, 90 நாள் கழிந்தும் மீளவில்லை. அவருடைய ஏழு நாள் எந்தக் கணக்கில் வந்தது?

பிறவிக் குணம் என்ற அவருடைய கடைசி வாதத்தையாவது காப்பாற்ற முடியுமா? அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் குரங்குகளைத் தனித்தனியே வைத்திருந்தபோது, டோபமைனைப் பெறும் டி2 ஏற்பிகளில் அவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. நாலு நாலாகச் சேர்த்து வைத்தார்கள். சில மாதங்களில் தலைமைக் குரங்குகளுக்கு ஏற்பிகளின் அளவு கூடியது, அடங்கிக் கிடந்தவற்றுக்குக் கூடவில்லை. கோகெய்ன் கைக்கெட்டியபோது அதை அதிகம் நாடியவையும் அடங்கிக் கிடந்தவையே. 2002-இல் வெளியான முடிவு இது. அவற்றைப் பிரித்தது குணமா, இருந்த இடமா?

இவ்வளவும் நண்பரின் கண்ணில் படாமல் போனது தற்செயல் அல்ல. நிறுவனங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துபவர் அவர். பழுது ஊழியனின் மண்டைக்குள் இருக்கும்வரைதான் அந்த வகுப்புக்கு ஆள் சேரும். நள்ளிரவில் வரும் மேலாளரின் அழைப்பு, எப்போது வேலை போகுமோ என்ற பயம், திருப்பிப் பேச முடியாத அவமானம், இவற்றில் ஒன்றைக்கூட அவருடைய துறவுப் பட்டியல் தொடவில்லை. இவற்றைத் துறக்க வேண்டியவர்கள்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.