பிடித்து வைக்கத் தெரிந்த நாய்

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். காலை நடைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் புல்மாஸ்டிஃப் நாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். கன்றுக்குட்டி போல உடம்பு, கறுத்த முகம், சுருக்கம் விழுந்த நெற்றி. முதல் நாள் பயந்துபோய் எதிர்ப்பக்கம் தாண்டிவிட்டேன். அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. அந்த அமைதிதான் அதன் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள பெரிய எஸ்டேட்டுகளில் இரவில் புகுந்து வேட்டையாடுபவர்களின் தொல்லை அதிகம். காவல்காரர்களுக்குத் துணையாக ஒரு நாய் தேவைப்பட்டது. மாஸ்டிஃபுக்குக் கனம் உண்டு, வேகம் போதாது. அந்தக் காலப் புல்டாகுக்கு வேகமும் மூர்க்கமும் உண்டு, ஆளைச் சாய்க்கும் கனம் இல்லை. இரண்டையும் கலந்தார்கள். 60 பங்கு மாஸ்டிஃப், 40 பங்கு புல்டாக் என்பது கணக்கு. 1924-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

ஆண் நாய் 50 முதல் 59 கிலோ வரை இருக்கும். தோள் உயரம் 25 முதல் 27 அங்குலம். சதுரத் தலை, அகன்ற மார்பு, குட்டை மூக்கு. இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் வரிப்புலி போன்ற கருநிறத்தைக் காவல்காரர்கள் விரும்பினார்கள்.

அதன் வேலை என்ன தெரியுமா? சத்தமில்லாமல் நெருங்கி, திருடனைக் கீழே தள்ளி, எஜமான் வரும்வரை அமுக்கி வைத்திருப்பது. கடித்துக் குதறுவது அல்ல. அந்தப் பலத்தோடு அடக்கத்தையும் சேர்த்தே வளர்த்தார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த அடக்கம்தான். ஆனால் அது தானாக வராது. குட்டியிலிருந்தே பழக்க வேண்டும், கூடவே ஆள் இருக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தம்பி மகன். சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இந்த நாயை வாங்கி வளர்க்கப் போகிறானாம். புருஷன், பெண்டாட்டி இருவரும் காலையில் போனால் இரவுதான் திரும்புவார்கள். குட்டை மூக்கு நாய்க்கு நம் ஊர் வெயில் தாங்காது, மூச்சு வாங்கும்.

"வீட்டுக்குக் காவலா இருக்கும் பெரியப்பா" என்றான்.

"வீட்டுக்கு நாய் காவல், சரி. பகல் பூரா அந்த நாய்க்கு யாருடா துணை?" என்று கேட்டேன்.

ஒரு வாரமாகப் போன் இல்லை. கோபம் போலிருக்கிறது. இருக்கட்டும். வாயில்லா ஜீவன் ஒன்று பூட்டிய வீட்டுக்குள் தவிப்பதைவிட, அவன் என்மேல் கோபமாக இருப்பது மேல்.