புல் வெட்டும் தொழிலுக்கு எந்த இயந்திரம் ஏற்றது?

கல்லூரி வளாகங்கள், மருத்துவமனைத் தோட்டங்கள், ஆலைகளின் முகப்புப் புல்தரைகள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றில் புல் வெட்டும் வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்வது ஒரு சிறு தொழிலாக உருப்பெற்று வருகிறது. தறியை விட்டு விலகியவர்களும், இரண்டு மூன்று ஏக்கரை மட்டும் நம்பி வாழ இயலாத விவசாயிகளின் பிள்ளைகளும் இதில் நாட்டம் கொள்கின்றனர். தோளில் மாட்டும் வெட்டுக் கருவியுடன் தொடங்கியவர்கள், வேலை சற்றுப் பெருகியவுடன், ஏறியமர்ந்து ஓட்டும் இயந்திரம் ஒன்றைக் கடன் பெற்றேனும் வாங்கிவிட வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எந்த இயந்திரத்தை, எத்தகைய நிலத்துக்காக வாங்குவது என்பதில் விற்பனையாளரின் சொல்லையே வேதவாக்காகக் கொள்வது உசிதமன்று என்பது நமது அபிப்பிராயம்.

புல் வெட்டும் இயந்திரத்துக்கும் நெசவுக்கும் உள்ள உறவை நம் அங்கத்தினர்களுள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் நகரை அடுத்த கம்பளி ஆலைகளில், நெய்த துணியின் மேல் எழும் பிசிரைச் சீராக நறுக்குவதற்குச் சுருள் கத்திகள் பொருத்திய உருளை ஒன்று பயன்பட்டு வந்தது. துணியின் பிசிரை நறுக்கும் அம்முறை புல்லின் நுனியை நறுக்கவும் உதவும் என்று எட்வின் பட்டிங் என்ற இயந்திர வல்லுநர் கண்டார். 1830 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கிரிக்கெட் ஆடுகளத்தில் இன்றும் ஓடும் உருளைக் கத்தி இயந்திரம் அவர் வழியில் வந்ததே. நாம் இங்கு ஆராயப்போவது வேறு வகை. தரைக்கு இணையாகச் சுழலும் கத்திகளைக் கவிழ்த்த இரும்புத் தட்டுக்குள் அடக்கி, மேலே ஆள் அமர்ந்து ஓட்டுவது அது. அந்தத் தட்டை ‘டெக்’ என்பர்.

இயந்திரத்தைப் பார்க்கச் செல்வதற்கு முன்னர், வேலை கிடைக்கும் நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் காகிதமும் அளவு நாடாவும் கையில் கொண்டு பார்க்க வேண்டும். வாயில்களின் அகலம் என்ன? மரங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? கல், கம்பி, குழாய் முனை எங்கெங்கே மறைந்திருக்கின்றன? நாற்பத்திரண்டு அங்குல டெக் உடைய இயந்திரம், புல்லை வெளித்தள்ளும் பக்கவாட்டு மூடியையும் சேர்த்தால், நான்கு அடியையும் தாண்டும். மூன்றடி வாயில் உள்ள வளாகத்துக்கு அதனை வாங்கியவர், சுவரை இடிக்கச் சொல்ல முடியுமா?

தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் களை வெட்டவும் இதுவே உதவும் என்று சொல்லி விற்கப் பார்ப்பவர்களும் இருக்கலாம். தோப்புக்கு இது ஏற்றதன்று. விழுந்த மட்டை, பாளை, குரும்பை, வட்டப்பாத்தியின் மேடு பள்ளம் ஆகியவை தாழ்ந்து தொங்கும் டெக்கை விரைவில் நெளித்துவிடும். தோப்பில் டிராக்டரின் பின்னே பூட்டும் கருவியே நின்று உழைக்கும். முழங்கால் உயரம் வளர்ந்த புல்லையும் இதனால் நேரே வெட்ட இயலாது. ஒழுங்காக வெட்டி வரும் புல்தரையைப் பேணுவதற்கே இது படைக்கப்பட்டது. ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது புல்தரை வளர்ப்போர் அறிந்த விதி.

இனி வேலைக் கணக்குக்கு வருவோம். 21 அங்குல அகலம் வெட்டும், பின்னே நடந்து செல்லும் இயந்திரத்தை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தினால், திருப்பங்களுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கீற்றுகளுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்து, மணிக்கு ஏறத்தாழ அரை ஏக்கர் வெட்டும். 42 அங்குல டெக்கில் அமர்ந்து 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், அதே கழிவுடன், 1.7 ஏக்கர் வெட்டும். 60 அங்குலத்தில் 12 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்றரை ஏக்கரைத் தாண்டும். ஆனால் அந்த வேகம் மட்டமான திறந்த திடலில்தான் கைகூடும். மரமும் நடைபாதையும் மலர்ப்பாத்தியும் நிறைந்த கல்லூரி வளாகத்தில் 60 அங்குல டெக் பெரும்பாலும் திரும்பிக்கொண்டே இருக்கும். 70 மீட்டர் ஆரமுள்ள ஒரு கிரிக்கெட் திடல் நான்கு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வாரத்துக்கு அத்தகைய திடல் ஒன்று மட்டும் கையில் இருப்பவருக்கு நடந்து வெட்டும் இயந்திரமே போதும். ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். வாரத்துக்குப் பத்து ஏக்கரேனும் நிலையான ஒப்பந்தம் இல்லாதவர் ஏறி ஓட்டும் இயந்திரத்தை வாங்கவே கூடாது என்பது நமது முடிவு. இதனை மறுப்பவர்கள், இயந்திரம் இருந்தால்தான் ஒப்பந்தம் கிடைக்கும் என்கின்றனர். ஓரளவு உண்மைதான். எனினும், தவணை மாதந்தோறும் தவறாமல் வரும். ஒப்பந்தம் அப்படி வருவதில்லை.

ஏறி ஓட்டும் வகையில் நம் கவனத்துக்கு உரியவை இரண்டு. முன்புறம் என்ஜினும் கையில் ஸ்டியரிங் வளையமும் உடைய சிறு டிராக்டர் வடிவம் ஒன்று. இரண்டு நெம்புகோல்களால் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே செலுத்தி, நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் ‘ஜீரோ டர்ன்’ வடிவம் மற்றொன்று. அமெரிக்காவில் புல் வெட்டுவதைத் தொழிலாகக் கொண்டோர் பெரும்பாலும் இரண்டாவதையே நாடுகின்றனர். மரத்தைச் சுற்றி ஒரே வீச்சில் வெட்டிச் செல்வதால் நேரம் மிகவும் மிச்சமாகிறது. ஆனால் அதன் முன்சக்கரங்கள் தாமே திரும்பும் சிறு சக்கரங்கள். அவற்றுக்குத் திசை காட்டும் ஆற்றல் இல்லை. சரிவிலும் ஈரத்திலும் பின்சக்கரம் பிடி இழந்தால் ஓட்டுபவர் கையில் வண்டி நில்லாது. 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில், அதாவது பத்தடிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி ஏறும் சரிவில், ஓட்டலாகாது என்று உற்பத்தியாளர்களின் கையேடுகள் பொதுவாக எச்சரிக்கின்றன. குளக்கரையோ வாய்க்கால் கரையோ ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால், அப்பகுதியைத் தோள் கருவிக்கு விட்டுவிட வேண்டும்.

மட்டமான நிலமும் மரங்களும் மிகுதியாயின் ஜீரோ டர்ன். மேடு பள்ளமும் சரிவும் கலந்திருந்தால் டிராக்டர் வடிவம். டெக்கின் அகலம் 42 முதல் 48 அங்குலத்துக்குள் இருக்கட்டும். இதற்கு மேல் இதைப்பற்றி நீட்ட வேண்டியதில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அதனைக் கடைக்காரர் தாமாக முன்வந்து எடுத்துரைப்பது அரிது. வீட்டு உபயோகத்துக்கான இயந்திரமும் தொழில் உபயோகத்துக்கான இயந்திரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னதன் டெக் மெல்லிய தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது; பின்னது தடித்த தகடுகளை வெல்டிங் செய்து இணைத்தது. முன்னதன் ‘ஹைட்ரோஸ்டாட்டிக்’ பெட்டி பெரும்பாலும் மூடி முத்திரையிட்டது. எண்ணெய் மாற்றவோ பழுது பார்க்கவோ இடமில்லை. பின்னதில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் தம் தோட்டத்தில் ஓட்டும் வீட்டுக்காரர் இரண்டு ஆண்டில் ஓட்டுவதை, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓட்டும் தொழிலாளி ஒரே மாதத்தில் ஓட்டிவிடுகிறார். வீட்டு இயந்திரத்தைக் கூலிக்கு ஓட்டினால் உத்தரவாதம் 90 நாளாகக் குறைந்துவிடும் என்றோ, அறவே இல்லை என்றோ உத்தரவாதச் சீட்டின் மூலையில் சிறிய எழுத்தில் காணப்படும். பணம் கட்டுவதற்கு முன் அதனைப் படித்துப் பார்க்கவும்.

கணக்குக்காக விலைகளை வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்ச ரூபாய் வீட்டு இயந்திரம் 500 மணி நேரம் உழைத்தால் தேய்மானம் மணிக்கு 500 ரூபாய். ஐந்து லட்ச ரூபாய்த் தொழில் இயந்திரம் 2,500 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 200 ரூபாய். மலிவானது எது? ஆயினும் ஐந்து லட்சத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் ஆகிறது. ஆண்டில் 500 மணி ஓட்டுபவருக்கு அது மணிக்கு 100 ரூபாய். 100 மணி மட்டும் ஓட்டுபவருக்கு 500 ரூபாய். நல்ல இயந்திரமும் வேலையின்றிக் கொட்டகையில் நின்றால் கடனாளியாக்கிவிடும். ஆகையால்தான் பத்து ஏக்கர் என்று மேலே வரம்பு கூறினோம்.

குதிரைசக்தியைப் பற்றி விளம்பரங்கள் அளவுக்கு மீறிப் பேசுகின்றன. நாமோ பெல்ட்டைப் பற்றிக் கேட்க விரும்புகிறோம். டெக் பெல்ட், கத்தி, கத்தியைத் தாங்கும் அச்சின் பேரிங் ஆகிய மூன்றும் எத்தனை நாளில் கைக்கு வரும்? கோவையிலோ மதுரையிலோ இருப்பு உண்டா, அன்றி வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா? மூன்று வாரம் பெல்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்குப் பதிலாக நான்காவது வாரம் வேறொருவர் வந்துவிடுவார். ஹோண்டா, கவாசாகி, பிரிக்ஸ் ஸ்டிராட்டன், கோலர் என்று என்ஜின் பெயர்கள் பல இருப்பினும், அருகிலுள்ள மெக்கானிக்குக்குப் பழகிய என்ஜினே சிறந்தது. நம் ஊர்ப் புழுதியில் காற்று வடிகட்டியைத் தினந்தோறும் தட்டித் துடைக்காவிடில் எந்தப் பெயரும் காப்பாற்றாது.

பாதுகாப்பைப் பற்றிச் சிலர் சலிப்புடன் கேட்பதுண்டு. கத்தி நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டலாகாது என்பது அமெரிக்கத் தர விதி. அந்த உச்ச வரம்பே வினாடிக்கு 300 அடிக்கு மேல் ஆகிறது. அவ்வேகத்தில் அடிபட்ட கூழாங்கல் துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பானது. எதிரே இருப்பதோ பள்ளி மாணவர் நடக்கும் பாதை. ஆசனத்தை விட்டு எழுந்தால் கத்தியை நிறுத்தும் சுவிட்சு ஒன்று இருக்கையின் அடியில் உண்டு. அடிக்கடி இறங்கி ஏறுவது தொல்லையென்று அதனைக் கம்பியால் கட்டிவிடும் வழக்கம் மிகக் கொடியது. அடைத்த புல்லைக் கையால் எடுக்கப்போய் விரல் இழப்பவர்கள் இந்த வழியில்தான் இழக்கிறார்கள். ஓட்டுநரைக் கூலிக்கு அமர்த்தும் முதலாளி இதனைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது மன்னிக்கத் தக்கதன்று.

மின்கலத்தால் ஓடுபவையும் வந்துவிட்டன. கலிபோர்னியா மாநிலம் 2021 இல் இயற்றிய சட்டத்தின் வழியே, 2024 முதல் புதிதாகச் செய்யும் சிறு என்ஜின் கருவிகள் பெரும்பாலானவற்றைப் புகையற்றவையாக ஆக்க முற்பட்டது. மருத்துவமனை போன்ற அமைதி வேண்டும் இடங்களுக்கு அவை பொருந்தும். நாள் முழுதும் ஊர் ஊராக அலையும் ஒப்பந்தக்காரருக்கு இடைவேளையில் மின்னேற்ற வசதி உண்டா என்பதே கேள்வி.

இருவர் மூவர் சேர்ந்து ஒரே இயந்திரத்தை வாங்கலாமே என்பர் சிலர். 1958 இல் ஜெர்மனியின் பவேரியாவில் எரிஷ் கைர்ஸ்பெர்கர் என்பவர் தொடங்கிய இயந்திரக் கூட்டுகள் இன்றும் அங்கே நடைபெறுகின்றன. இங்கேயும் முயலலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த பத்தாம் நாள் எல்லா வளாகத்திலும் புல் ஒரே நேரத்தில் எழும். அந்த வாரத்தில் யாருக்கு முதல் முறை என்பதை வாங்கும் முன்பே எழுதிக் கையொப்பமிடாத கூட்டு, இரண்டாவது மழைக்காலத்தைக் காணாது.

ஒப்பந்தம் எழுதும்போது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. பல வளாகங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையில் வந்து அரிவாளால் புல் அறுத்து, தலைச்சுமையாகத் தம் மாட்டுக்குக் கொண்டு செல்கின்றனர். சுழல் கத்தி புல்லைத் துண்டு துண்டாக்கி மண்ணுடன் கலந்துவிடுகிறது. குவித்து வைத்தால் சில மணி நேரத்தில் சூடேறிப் புளிக்கிறது. மாடு அதனைத் தின்பதும் நல்லதன்று. ஆகவே இயந்திரம் நுழைந்த அன்றே அவர்களுடைய தீவனம் போய்விடுகிறது. வேலி ஓரத்தையும் திடலுக்கு அப்பாற்பட்ட பகுதியையும் இயந்திரம் தொடாமல் அவர்களுக்கென ஒதுக்குமாறு நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுவது ஒப்பந்தக்காரருக்கு எளிது. அந்த ஓரங்கள் பெரும்பாலும் கல்லும் முள்ளும் நிறைந்து, டெக்குக்கு உதவாத இடங்களே.